சோளகத்தைக் கழித்தல்

நயினாதீவில் வயதானவர்களின் கதைகளை ஒலிப்பதிவு செய்ய ஆனி மாதம் தோதானது இல்லை. நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஊர்விட்டுப் போனவர்களெல்லாம் திரும்பி வருவார்கள். ஆச்சிமாரையும் அப்புமாரையும் ஒரே இடத்தில் பிடிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் சோளகக் காற்று வீசுகிற காலமும் அதுதான். மைக்கில் காற்று அறையும். பனையோலை சரசரக்கும். குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்வரும் படகுகளின் எஞ்சின் ஓயாது. ஒலிபெருக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்படிச் சேர்ந்த பதிவுகளை ஒடாசிற்றி மென்பொருளில் ஒவ்வொன்றாகத் திறந்து, யாரும் பேசாத ஒரு துண்டைத் தெரிந்து 'இதுதான் இரைச்சல்' என்று காட்டி, பிறகு முழுப் பதிவிலும் அதைக் குறைக்க வேண்டும். கை சலித்துவிடும். இதைத் தானாகச் செய்விக்க முடியாதா என்று பார்த்தேன். மேக்ரோ வசதி இருக்கிறது. கட்டளைகளை ஒருதடவை அடுக்கி வைத்தால் எல்லாக் கோப்புகளிலும் ஓடும். ஆனால் இரைச்சல் மாதிரியை முன்னமே நாம் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும், அந்த ஒரே மாதிரிதான் எல்லாவற்றுக்கும். இறங்குதுறையின் எஞ்சின் சத்தத்தை வைத்து முற்றத்துப் பனையோலையை எப்படிக் குறைப்பது? இந்த ஏற்பாட்டை முதலில் யோசித்தவர் யார் என்று தேடத் தொடங்கியது அதனால்தான்.

ஒடாசிற்றியின் பிறப்பு சுலபமாகக் கிடைத்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ரொஜர் டானன்பேர்க்கும் 1999இல் தொடங்கி, 2000இல் வெளியிட்டார்கள். இரைச்சலை அளந்து கழிக்கும் யோசனை அதைவிடப் பழையது. அதைப் பரவலாக்கிய கட்டுரை 1979இல் வந்தது. எழுதியவர் யூற்றா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் போல். ஒலியை மிகச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். பேச்சில்லாத நேரத்தில் இரைச்சலின் சராசரி அளவை எடுத்து, பேச்சுத் துண்டுகளிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும். ஒடாசிற்றி கழிப்பதற்குப் பதிலாக, மாதிரியின் அளவுக்குக் கீழே கிடக்கும் அதிர்வெண்களை அமுக்குகிறது. எப்படியானாலும் பேச்சில்லாத ஒரு நேரம் இரண்டுக்கும் வேண்டும்.

போலின் கட்டுரையில் என்னை நிறுத்தியது வேறொன்று. அவர் சோதனைக்கு எடுத்தது ஹெலிகொப்டர் இரைச்சல். ஆய்வுக்குப் பணம் தந்ததும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வுப் பிரிவு. போர்க்காலத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிய ஊர் எங்களுடையது. என் பதிவுகளில் அந்தச் சத்தம் ஆச்சிமாரின் வாயில் கதையாக வருகிறது. அந்தக் கதையைச் சுற்றியிருக்கிற காற்றைத் துடைக்கும் முறையோ அதே சத்தத்தைத் துடைக்கப் பழகியது.

இன்னும் பின்னே போனால் ரே டோல்பி வருகிறார். 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் இருந்துவிட்டு லண்டனில் நிறுவனம் தொடங்கியவர். கசெற்றின் உஸ் சத்தத்தைக் குறைத்தது அவருடைய முறை. ஆனால் அதைப் பதியும்போதே செய்தாக வேண்டும். எனக்கு அது உதவாது.

போல் தன் கட்டுரையில் நேர்மையாக ஒன்றை எழுதிவைத்தார்: இப்படிக் கழிப்பதால் மட்டும் பேச்சு கேட்க இதமாகிறது, சொற்கள் கூடுதலாக விளங்குவதில்லை. நான் துப்புரவாக்கிய பதிவொன்றைக் கேட்ட ஆச்சி, "என்னடா தம்பி, தண்ணிக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். அளவுக்கு மீறிக் கழித்தால் அங்கங்கே மிஞ்சும் துணுக்கு ஒலிகளின் வேலை அது. அதைக் குறைக்கவே பின்னால் வந்தவர்கள் பாடுபட்டார்கள். இரைச்சல் மாதிரியை நாம் எடுத்துக் காட்டாமலே இரைச்சலின் அடிமட்டத்தைக் கணிக்கும் முறையை ரைனர் மார்ட்டின் 2001இல் விரிவாக எழுதினார். இப்போது செயற்கை நரம்பு வலையமைப்புகள் பேச்சு எது, மற்றது எது என்று தாமாகவே பிரிக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை குறைவு. பேச்சில்லாததெல்லாம் குப்பை என்பது அவற்றின் பாடம். கோயில் மணியும் சங்கும் அதில் சேர்ந்து போய்விடும்.

கடைசியில் 'சொக்ஸ்' என்ற பழைய இலவச மென்பொருளை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கோப்பின் முதல் சில விநாடிகளையும் அந்தக் கோப்புக்கே உரிய மாதிரியாக எடுத்து, மிதமாகக் குறைக்கும்படி சின்னதொரு நிரல் எழுதினால் போதும், இரவில் தானே ஓடி முடிக்கும்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பதியும்போது கருவியை ஓடவிட்டுவிட்டுப் பத்து விநாடி யாரும் பேசாமல் இருங்கள். துப்புரவாக்கிய பிரதியோடு காற்றும் எஞ்சினும் கலந்த மூலப் பதிவையும் அழிக்காமல் வையுங்கள். நூலக நிறுவனம் போன்ற ஆவணகத்துக்குக் கொடுப்பதானால் இரண்டையும் கொடுங்கள்.