வெளிப்புறம் திறக்கும் கதவு

இராசபாளையத்தில் நாங்கள் புதுவீடு கட்ட முனைந்தபோது வரவேற்பறையைப் பற்றி எல்லாரும் பேசினர். குளியலறையைப் பற்றிப் பேசியவர் என் தாயார் ஒருவரே. திருவில்லிபுத்தூரில் இருந்த பழைய வீட்டின் குளியலறையில் அவர் வழுக்கி விழுந்திருந்தார். உட்புறம் திறக்கும் கதவுக்கு அவர் உடலே தடையாயிற்று. தள்ளினால் அவருக்கு வலி; தள்ளாவிடில் எங்களுக்கு வழியில்லை. பலகையை உடைத்தே உள்ளே நுழைந்தோம்.

“கதவு வெளியே திறக்கட்டும்” என்றார் தாயார். நடைவழி குறுகுமே எனக் கொத்தனார் தயங்கினார், பின்னர் இசைந்தார். கதவின் அகலம் 3 அடி. கழிப்பிடம் கதவருகே, குளிக்குமிடம் கோடியில். ஈரம் அங்கேயே நின்றுவிடும். தரைக்கு அடிக்குக் கால் அங்குலச் சரிவு, சுவரில் கைப்பிடி. பளபளக்கும் ஓட்டை விட்டுச் சொரசொரப்பான ஓட்டுக்கு மாற மட்டும் எனக்கு மனம் வரவில்லை என்பதை மறைப்பானேன்? மாறினேன்.

குடிபுகுந்த அன்று தாயார் முதலில் திறந்து பார்த்தது அந்தக் கதவைத்தான்.