மேகத்தின் கணக்கு

டிசம்பர் 12, மாலை

மழை விட்டிருக்கிறது. மரக்காணம் உப்பளங்களில் பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர். வெயில் காலம் வந்தால்தான் இனி உப்பு. கழுவெளிப் பக்கம் நல்ல இருட்டு. தெற்கேதான் புதுச்சேரி வெளிச்சம் அடிவானத்தை வெளுக்கடிக்கிறது. கிழக்கும் உச்சியும் மறைக்காத ஒரு வரப்போரம் பாய் விரிக்க இடம் பார்த்தாயிற்று.

நாளை ஜெமினிட் பொழிவின் உச்சம். பெரும்பாலான எரிநட்சத்திரப் பொழிவுகளுக்கு வால்வெள்ளிதான் தாய். இதற்கோ 1983-இல் ஐராஸ் செயற்கைக்கோள் கண்டுபிடித்த ஃபேத்தான் என்ற சிறுகோள். அது உதிர்த்த துகள்கள் நொடிக்கு 35 கி.மீ. வேகத்தில் நம் காற்றில் பாய்ந்து எரிகின்றன.

டிசம்பர் 13, இரவு 11.30

எண்ணுவதற்கு முன் இருட்டை அளக்க வேண்டும். குறித்த முக்கோணம் ஒன்றுக்குள் தெரியும் விண்மீன்களை எண்ணி, அட்டவணையில் பார்த்தால், கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான ஒளித்தரம் கிடைக்கும். இன்று 5.5. ஒரு தரம் இறங்கினால் ஒளி ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறையும். இந்த அளவுகோலை 1856-இல் வகுத்த நார்மன் போக்சன், 1861 முதல் சாகும்வரை சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்தவர்.

டிசம்பர் 14, அதிகாலை

ஒரு மணியிலிருந்து இரண்டு வரை 41. மிதுனத்தின் புனர்பூச விண்மீன்களின் பக்கமிருந்து வருபவை மட்டும் ஜெமினிட். திசை மாறி ஓடிய மற்றவை தனிப் பத்தியில்.

2.10-க்குக் கடல் பக்கமிருந்து மேகம் ஏறியது. ஐந்தில் ஒரு பங்கு வானத்துக்கு மேல் மூடினால் நிறுத்திவிடுவது முறை. நிறுத்தினேன். அப்போது பார்த்து, மேக இடுக்கில் பச்சையாக ஒன்று பாய்ந்தது.

"தம்பி, அத எழுதலியா?" என்றார் அளத்துக் காவல்கார அண்ணன்.

"குறிச்சிக்கிட்டேண்ணே. கூட்டுல சேராது."

"லாரில ஏறாத மூட்டை மாதிரின்னு சொல்லுங்க."

அவர் பார்த்தவற்றையும் என்னுடையவற்றோடு கூட்ட முடியாது. ஒருவர் கண், ஒரு தாள்.

டிசம்பர் 14, பகல்

பகலில் போக்சனைப் பற்றிப் படித்தேன். 1872 நவம்பர் 27-இல் ஐரோப்பா எரிநட்சத்திர மழையைக் கண்டது. உடைந்து காணாமல்போன பீலா வால்வெள்ளியின் துகள்கள் அவை. ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்ஃபூஸ், வால்வெள்ளியைத் தென்வானில் தேடும்படி போக்சனுக்குத் தந்தி அடித்தார். சென்னையிலோ மழைக்காலம். டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு விடியற்காலை மட்டும் மேகம் வழிவிட, ஒரு வால்வெள்ளியைப் பார்த்து இடம் குறித்தார் போக்சன். பிறகு வானம் மூடிக்கொண்டது. அது பீலா அல்ல என்று பின்னாளில் கணக்கிட்டுச் சொன்னார்கள். அப்படிச் சொல்ல முடிந்ததே அவர் நேரத்தையும் இடத்தையும் சரியாக எழுதி வைத்ததால்தான். அது எந்த வால்வெள்ளி என்பது இன்றும் புதிர்.

டிசம்பர் 15

சர்வதேச விண்கல் அமைப்புக்குப் படிவம் அனுப்பினேன். மிதுனம் தலைக்கு நேரே நின்று, வானமும் முழு இருட்டாக இருந்திருந்தால் எத்தனை தெரிந்திருக்கும் என்று அங்கே திருத்திக் கணக்கிடுவார்கள். "2.10 முதல் 2.50 வரை மேகம், பார்க்கவில்லை" என்ற வரியைத்தான் இருமுறை சரிபார்த்தேன். அதை விட்டால், அந்த நாற்பது நிமிடமும் ஒன்றுமே விழவில்லை என்றுதான் கணக்கில் ஏறும்.