பழம் ஆயப் போகுமுன்

சுற்றுலா என்றதும் எங்கள் வீடுகளில் மூன்று கேள்விகள்தான் எழும். என்ன சாப்பாடு கட்டுவது? எந்த வாகனம்? எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது? வருகிறவர்களின் மனதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதுவும் ஆயத்தத்தில் சேரவேண்டிய ஒன்று என்பதைக் கனடாவில் என் அக்காவின் வீட்டில் கண்டேன். அந்த அனுபவத்தைச் சகோதரிகளாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2023 ஜூன் மாதம் ரொறன்ரோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஒன்ராறியோ மாகாணத்தில் ஜூன் நடுப்பகுதியில் ஸ்ட்ரோபெரி பழுக்கத் தொடங்கும். ஜூலை முற்பகுதியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். நகருக்கு வெளியே உள்ள சில பண்ணைகளில் பழத்தை நாங்களே ஆய்ந்து, நிறுத்து, பணம் கட்டி எடுத்து வரலாம். அக்காவின் இரண்டு பிள்ளைகளும் அந்தச் சனிக்கிழமைக்காக நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஆயத்தங்கள் புதன்கிழமையே தொடங்கின. மழை பெய்தால், அல்லது முதல் நாள் வந்தவர்கள் பழுத்ததையெல்லாம் ஆய்ந்துவிட்டால், பண்ணையைத் திறக்கமாட்டார்கள். அதனால் போகும் அன்று காலையிலும் தொலைபேசியில் கேட்கவேண்டும் என்று அக்கா குறித்துவைத்தார். வெயிலுக்குத் தொப்பி, சேற்றுக்குப் பழைய சப்பாத்து, குடிக்கத் தண்ணீர், கைகழுவ வேறு தண்ணீர், மத்தியானத்துக்குப் புளிச்சாதமும் முட்டைப் பொரியலும் என்று பட்டியல் நீண்டது. ஆழமான வாளியில் போட்டால் அடியில் உள்ள பழம் நசிந்துவிடும் என்பதால் அகன்ற தட்டுப் பெட்டிகளை எடுத்துவைத்தோம். முழுதும் சிவந்த பழத்தையே ஆயவேண்டும், வெள்ளைபாரித்த பழம் வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் பழுக்காது, பழத்தைப் பிடித்து இழுக்காமல் பச்சைக் காம்போடு நகத்தால் கிள்ளவேண்டும் என்று அக்கா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வியாழக்கிழமை இரவு அக்காவின் மாமியார், “நீங்கள் போயிட்டு வாங்கோ. எனக்கு முழங்கால் நோகுது” என்றார். மாமி பளைப் பக்கத்தவர். மகனிடம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அத்தான், “அம்மாவுக்கு வயசு போட்டுது, விடுங்கோ” என்றார். அத்தோடு கதை முடிந்தது.

குடும்பத்தில் யாருடைய சொல் எடுபடுகிறது, யாருடைய சொல் விசாரிக்கப்படாமல் போகிறது என்று சமூகவியல் வகுப்பில் படித்திருக்கிறேன். வயதான பெண்ணின் ‘இல்லை’யை யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் அன்று காலைதான் மாமி தன் சப்பாத்தைத் துடைத்து வைத்திருந்தார். பின்னேரம் பேத்தி பண்ணையின் படங்களைக் காட்டிய பிறகுதான் முழங்கால் நோ வந்தது.

அடுத்த நாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மாமியின் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்.

“பிள்ளை, உந்தத் தோட்டத்துக்க ஏன் கொடி நட்டிருக்கினம்?”

படத்தில் பயிர் வரிசைகளுக்கு நடுவே சின்னச் சின்னச் சிவப்புக் கொடிகள் இருந்தன. எனக்கு விளங்கிவிட்டது. யுத்தம் 2009இல் முடிந்து மீளக்குடியேறியபோது, முகமாலைப் பக்கத்துக் காணிகளில் மண்டையோட்டுப் பலகைகளும் சிவப்புத் தலைக் கம்புகளும் நின்றதை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். மாமியின் தமக்கையார் விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடியில் காலை இழந்தவர். கொடி நட்ட மண்ணில் கால் வைப்பதில்லை என்பது மாமியின் உடம்பு படித்த பாடம். அந்தப் பாடம்தான் அவரைக் காப்பாற்றியும் இருக்கிறது. அதனால் “பயப்படாதையுங்கோ” என்று நான் சொல்லவில்லை.

அக்கா பண்ணைக்குத் தொலைபேசி எடுத்து மாமிக்குக் கேட்கும்படியே விசாரித்தார். ஒருவர் ஆய்ந்து நிறுத்திய இடத்தை அடையாளப்படுத்தவே அந்தக் கொடியாம். அடுத்தவர் அதிலிருந்து தொடங்குவாராம். மிதிவெடியைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கை 1997இல் கையெழுத்தானது இதே மாகாணத்தில் உள்ள ஒட்டாவா நகரில்தான் என்றும், இலங்கை 2017இல் அதில் சேர்ந்தது என்றும் மாமிக்குச் சொன்னேன். “இருபது வருசம் செண்டே?” என்று மட்டும் கேட்டார்.

“வந்து இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும், இழுத்துக்கொண்டு போவம்” என்றார் அத்தான். நான் மறுத்தேன். போவதும் நிற்பதும் மாமியின் விருப்பம் என்று பேசி முடிவெடுத்தோம். பட்டியலில் ஒரு மடிக்கும் கதிரை சேர்ந்தது. வந்தால் வாகனத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம், வேண்டாமென்றால் அக்கா அவரோடு வீட்டில் நிற்பார்.

மாமி வந்தார். முதல் ஒரு மணித்தியாலம் கதிரையைவிட்டு எழும்பவில்லை. பிறகு பேத்தியை முன்னால் நடக்கவிடாமல், தானே முன்னுக்கு ஒவ்வொரு அடியாக வைத்து ஒரு வரிசைக்குள் போனார். அவர் ஆய்ந்த பழத்தில் ஒரு சிறு பெட்டிகூட நிறையவில்லை. அன்றிரவு தமக்கையாருக்குத் தொலைபேசி எடுத்து, “கொடிக்குப் பக்கத்தால நடந்தனான்” என்று சொன்னதைக் கேட்டேன்.

சகோதரிகளே, நுவரெலியாவுக்கோ, பக்கத்து ஊர் மாந்தோட்டத்துக்கோ, கோயில் திருவிழாவுக்கோ குடும்பமாகப் போகும்போது, போகும் இடம் எப்படிப்பட்டது என்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். சனநெரிசல் இருக்குமா, வெடி கொளுத்துவார்களா, சீருடையினர் நிற்பார்களா, நடக்கும் வழி எப்படி என்று கேட்டுச் சொல்லுங்கள். தலையிடி, கால்நோ என்று ஒருவர் பின்வாங்கினால் தனியே இருந்து ஆறுதலாக விசாரியுங்கள். அவர் சொல்ல விரும்பாவிட்டால் கிண்டாதீர்கள். கடைசியில் வரவில்லை என்றே சொன்னாலும் குறைசொல்லாமல், அவரோடு நிற்க ஒருவரை ஒழுங்கு செய்துவிட்டு வெளிக்கிடுங்கள்.