பாலத்துக்குக் கணக்கு எழுதிய ஊர்

லண்டனின் தென்மேற்கு ஓரத்தில், தேம்ஸ் கரையில் இருக்கிறது கிங்ஸ்டன். ஆவணங்களில் அது லண்டனின் 32 பரோக்களில், அதாவது உள்ளாட்சிப் பகுதிகளில், ஒன்று. பக்கத்திலிருந்த சர்பிட்டனையும் மால்டன், கூம் பகுதிகளையும் 1965-ல் சேர்த்து அதன் இன்றைய எல்லையை வகுத்தார்கள். ஊர்க்காரர்களைக் கேட்டால் அது இன்றும் ஒரு பழைய சந்தை நகரம்தான். கில்ட்ஹால் எனப்படும் நகர மண்டபத்துக்கு வெளியே இரும்பு வேலிக்குள் ஒரு சாம்பல் நிறக் கல் இருக்கிறது. அதில் அமர்ந்து ஏழு சாக்சன் அரசர்கள் முடிசூடினார்கள் என்பது ஐதீகம். பீடத்தைச் சுற்றி ஏழு பெயர்களையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏழும் மெய்யோ பொய்யோ, 925-ல் ஆதல்ஸ்டன் இந்த ஊரில் முடிசூடியது வரலாறு. அப்பேர்ப்பட்ட கல் ஒரு காலத்தில் குதிரை ஏறுவதற்கான படியாகக் கிடந்தது. 1850-ல்தான் அதற்குப் பீடமும் வேலியும் வாய்த்தன. பழமையைக் கொண்டாடுவதில் எந்த ஊரும் இப்படித்தான், தாமதமாகவே விழித்துக்கொள்கிறது.

ஆனால் கிங்ஸ்டனின் உண்மையான பெருமை கல்லில் இல்லை, பாலத்தில் இருக்கிறது. 1729-ல் பட்னியில் பாலம் வரும்வரை, லண்டன் பாலத்தை விட்டால் மேற்கே ஆற்றைக் கடக்க அடுத்த பாலம் இங்கேதான். மரப்பாலம், வெள்ளமும் வண்டிச் சக்கரமும் அதை ஓயாமல் தின்றுகொண்டிருந்தன. அதைப் பராமரிக்கத் தனியாகக் காவலர்களை நியமித்து, வரவு செலவு எழுத வைத்தார்கள். 1526 முதல் 1567 வரை அவர்கள் எழுதிய கணக்குகள் இன்றும் கிடைக்கின்றன. 1565-ல் ராபர்ட் ஹாமண்ட் என்பவர் பாலத்தின் செலவுக்குச் சொத்து எழுதிவைத்ததால் பாலத்தைக் கடக்கிறவர்களிடம் வாங்கிய சுங்கம் நின்றது. 1828-ல் கல்பாலம் திறந்தபோது சுங்கம் திரும்ப வந்து, 1870-ல் ஒழிந்தது. அந்தப் பழைய கணக்குகளில் கவனிக்க வேண்டியது ஒன்று: அவை வேலை முடிந்த பிறகு எழுதியவை அல்ல, ஏனென்றால் மரப்பாலத்தில் வேலை என்றைக்கும் முடிவதில்லை. ஆண்டுதோறும், நடந்த அளவுக்குக் கணக்கு. ஆதல்ஸ்டன் முடிசூடுவதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் தமிழ்நாட்டின் உத்திரமேரூரில், ஏரி வாரியம் போன்ற ஊர் வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி குடவோலைத் தேர்தலுக்கு நிற்கக் கூடாது என்று கல்லில் வெட்டினார்கள். ஏரி வெட்டுகிறவரும் பாலம் காக்கிறவரும் நடுவழியிலேயே கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்ற எண்ணம் இரண்டு ஊர்களிலும் இருந்திருக்கிறது.

இன்றைய கவுன்சில்களிடம் குறைவது இந்த நடுவழிக் கணக்குதான். தொடக்கத்துக்குச் சட்டம் இருக்கிறது. ரோட்டைத் தோண்ட அனுமதி வேண்டும், திட்டத்துக்குக் கருத்துக் கேட்க வேண்டும், அறிவிப்பு ஒட்ட வேண்டும். முடிவுக்குத் திறப்பு விழாவும் புகைப்படமும் உண்டு. இடையில்தான் மௌனம். 2014-ல் மினி ஹாலந்து என்ற சைக்கிள் பாதைத் திட்டத்துக்கு லண்டன் மேயர் தேர்ந்தெடுத்த மூன்று பரோக்களில் கிங்ஸ்டனும் ஒன்று. அன்றைய அறிவிப்பில் எல்லோரையும் கவர்ந்தது தேம்ஸ் ஓரமாகப் போகும் ஒரு சைக்கிள் நடைபாலம். பாதைகள் சில வந்தன. அந்த நடைபாலம் வரவில்லை. ஒரு திட்டத்தைக் கைவிடுவது குற்றமல்ல, பணம் கிடைக்காமல் போகலாம். அறிவித்தபோது எழுப்பிய அதே உரத்த குரலில் கைவிட்டதையும் சொல்ல வேண்டும் என்பதே என் வாதம். 2019 இறுதியில் கூரைக் கோளாறால் மூடிய கிங்ஃபிஷர் நீச்சல் குளமும் அப்படித்தான். தற்காலிகமாக மூடியதாகத் தொடங்கி, இடித்துப் புதிதாகக் கட்டுவதில் போய் முடிந்தது. முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் குழந்தைக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க நினைக்கும் பெற்றோருக்குத் தேவை கொள்கை விளக்கம் அல்ல, இந்த மாதம் வேலை எதில் நிற்கிறது என்ற ஒரு வரி.

பழைய ஊரில் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பார்கள். அதில் நியாயம் உண்டு. 1980-களில் ஜான் லூயிஸ் கடைக்கு நிலம் தோண்டியபோது பழைய பாலத்தின் அடித்தளமும் இடைக்காலத்து நிலவறை ஒன்றும் வெளிப்பட்டன. கடைக்குள்ளேயே அவற்றைக் காத்து வைத்திருக்கிறார்கள். ஹாக்ஸ்மில் ஓடையின் மேலுள்ள கிளாட்டர்ன் பாலத்தின் பெயர் 1293-லேயே ஆவணத்தில் வருகிறது. அதன் பக்கத்தில் மண்வெட்டி வைக்கத் துணிச்சல் வேண்டும். ஆனால் இதெல்லாம் தேதி தவறுவதற்கான காரணமே தவிர, பேசாமல் இருப்பதற்கான காரணம் அல்ல. நிலவறை கிடைத்ததால் மூன்று மாதம் தள்ளிப்போகும் என்று சொன்னால் இந்த ஊரில் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை, பார்க்கத்தான் கூட்டம் வரும்.

கெட்ட செய்தியைச் சொன்னால் கொந்தளிப்பு வரும் என்பது இன்னொரு அச்சம். ஆற்றில் கீழே உள்ள ஹேமர்ஸ்மித் பாலம் அதற்குப் பதில். 2019 ஏப்ரலில் வாகனங்களுக்கு மூடினார்கள். 2020 ஆகஸ்ட் வெயிலில் வார்ப்பிரும்புப் பீடங்களின் விரிசல் பெரிதானதும் நடப்பவர்களுக்கும் மூடினார்கள். 2021 ஜூலையில் நடக்கவும் சைக்கிளுக்கும் திறந்தார்கள். மக்கள் கோபப்பட்டார்கள், இன்னும் கோபமாகவே இருக்கிறார்கள். ஆனால் கோபம் எங்கே திரும்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்: விரிசல் எங்கே, பழுதுபார்க்கும் செலவில் யார் பங்கு எவ்வளவு என்பதில் எந்த அரசு அமைப்பு யாரோடு மல்லுக்கு நிற்கிறது என்பதெல்லாம் வெளியே வந்துவிட்டது. விவரம் தெரிந்தால் ஒப்பந்தக்காரர் கூடுதலாகக் கேட்பார் என்ற வாதத்தை மட்டும் நான் பாதி ஏற்பேன். பேரம் நடக்கும்போது தொகையை மறைக்கலாம். தேதியை எதற்கு மறைப்பது?

எந்த மொழியில் சொல்வது என்பதும் ஒரு கேள்வி. கிங்ஸ்டனில் ஆங்கிலத்துக்கு அப்பால் பேசும் மொழிகளில் கொரியனும் தமிழும் முன்வரிசையில் இருக்கின்றன. 2016-ல் இலங்கை வடமாகாணத்தின் அன்றைய முதலமைச்சர் சி. வி. விக்னேஸ்வரன் இங்கே வந்து, யாழ்ப்பாணத்தையும் கிங்ஸ்டனையும் இரட்டை நகரங்களாக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இந்த நாட்டில் வாழ்கிறவர் ஆங்கிலத்தில் படித்துக்கொள்ளட்டுமே என்று நம்மவர்களே சொல்வதுண்டு. வரிச் சலுகைக்கான படிவத்துக்கு அது பொருந்தலாம். டோல்வொர்த்தில் பஸ் நிறுத்தத்தை எங்கே மாற்றினார்கள், எப்போது திரும்ப வைப்பார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளப் பேரனை எதிர்பார்க்கும் முதியவருக்குப் பொருந்தாது. இதற்காகப் புதிய இலாகா ஒன்றும் வேண்டியதில்லை. கவுன்சில் குழுக்களின் கூட்டத் தாள்களில் இந்த விவரங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது, நாற்பதாம் பக்கத்தில் யாரும் படிக்காத நடையில். அதிலிருந்து வேலை எங்கே நிற்கிறது, ஏன், அடுத்த தேதி என்ன என்பதை மட்டும் எடுத்து, கீழே கொரியனிலும் தமிழிலும் நான்கு வரி சேர்த்து, மாதம் ஒருமுறை வேலை நடக்கும் இடத்து வேலியில் ஒட்ட ஒரு தாள் போதும்.