ஒரு விடியலும் இல்லாத வழி

உலக உருண்டையில் பெர்த் நகரையும் லண்டனையும் ஒரு நூலால் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் இந்தியப் பெருங்கடலைக் கடந்து இலங்கையில் ஏறும். கம்பளை, புத்தளம் தாண்டி மன்னார் வளைகுடாவில் இறங்கும். பிறகு கீழக்கரை, மானாமதுரை, திண்டுக்கல் பக்கமாக மேலே போகும். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலிருந்து இங்கிலாந்துக்கு மிகக் குறுக்கு வழி நம் வைகைக் கரை! மொத்தம் சுமார் 14,500 கிலோமீட்டர்.

இந்தத் தூரத்தை எங்கும் இறங்காமல் கடக்கும் குவாண்டாஸ் விமானம் 2018 மார்ச்சில் தொடங்கியது. ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் நிற்காமல் இணைத்த முதல் பயணிகள் சேவை அதுதான். நான் போனது ஒரு டிசம்பரில். காற்றையும் கீழே உள்ள நாடுகளின் நிலவரத்தையும் பார்த்து விமானிகள் பாதையை மாற்றுவார்கள். அன்று எங்கள் விமானம் இலங்கைக்கு மேற்கே ஒதுங்கிப் போவதை இருக்கைத் திரை காட்டியது. கிளம்பும்போது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வடமேற்கே பறந்ததால் அந்திச் சிவப்பு நெடுநேரம் சன்னலிலேயே நின்றது. பிறகு இருட்டு.

கீழே இருந்த கடலுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த வான்வழி அறுந்தது. அடுத்த ஆண்டு குவாண்டாஸ் நிறுவனம் கட்டலினா என்ற நீர்விமானங்களை இறக்கியது. பெர்த்தின் ஸ்வான் ஆற்றில் எழும்பி, இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலை ஏரியில் இறங்கும். எரிபொருளே பெரும்பாரம் என்பதால் பயணிகள் மூன்று பேர்தான். எதிரிக்குக் கேட்டுவிடக் கூடாதென்று வானொலியில் பேச்சில்லை; நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி. 27 முதல் 33 மணி நேரம் வரை பிடிக்கும். அதற்குள் சூரியன் இரண்டு முறை உதித்துவிடும். அதனால் ‘இரட்டைச் சூரியோதயம்’ என்றே அந்தப் பயணத்துக்குப் பெயர். கடந்தவர்களுக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள்.

போர் முடிந்து 1947 டிசம்பரில் சிட்னி–லண்டன் சேவை தொடங்கியபோதும் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என இறங்கி இறங்கி நான்கு நாள் ஆனது. கட்டலினா ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டித் தத்தளித்த கடலை நாங்கள் கடந்த ஆறேழு மணி நேரத்தில் நான் சாப்பிட்டு, ஒரு படம் பார்த்து, தூங்கியும் விட்டேன்.

லண்டன் ஹீத்ரோவில் இறங்கியபோது இன்னும் இருட்டு. பறந்தது 17 மணி நேரம்; இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் உள்ள 8 மணி நேர வித்தியாசத்தைக் கழித்தால் மிச்சம் 9. பெர்த்தில் தொடங்கிய அதே இரவு லண்டனிலும் முடியவில்லை. கட்டலினாவில் வந்தவர்களுக்கு ஒரே பயணத்தில் இரண்டு விடியல். அவர்களைவிட நான்கு மடங்கு வேகத்தில் வந்த எனக்கு ஒன்றுகூட வாய்க்கவில்லை.