எஃகு நாற்காலி

நாற்காலி என்னும் பெயரிற் கால்களின் தொகை மட்டுமே உளது. அமர்வோனைப் பற்றிய குறிப்பு யாதும் இல்லை. ஆயினும், அமர்வோனது பாரம் எக்காலின்மேல் மிகுதியாய் விழுகின்றது என்பதை ஆராய்ந்து நாற்காலி சமைத்தவர் ஒருவர் இருந்தார். அவர் பிரெஞ்சு தேசத்து ழான் புரூவே என்பார்.

1901-இல் ஓவியர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்த இவர், இளமையிற் கொல்லுலையிற் பயின்று, 1924-இல் நான்சி நகரில் தமக்கென ஒரு பட்டறை நிறுவினார். அக்காலத்து ஐரோப்பியக் கலைஞர் பலர் எஃகுக் குழாயை வளைத்து ஆசனங்கள் செய்யத் தலைப்பட்டனர். புரூவேயின் உள்ளமோ மெல்லிய எஃகுத் தகட்டை மடிப்பதிலேயே பெரிதும் சென்றது. மடிப்பதில் என்ன பெருமை என்பார், பதநீர் பருகும் பனையோலைப் பட்டையை நினைத்துக்கொள்க. விரித்த ஓலை காற்றுக்கும் துவளும். மடித்த ஓலை பதநீரைத் தாங்கி நிற்கும். தகட்டின் இயல்பும் அதுவே.

1934-இல் அவர் அமைத்த நாற்காலியின் முன்னங்கால்கள் மெலிந்த குழாய்கள். பின்னங்கால்களோ தகட்டை மடித்து, உள்ளே வெற்றிடம் விட்டு, இருக்கையைச் சேருமிடத்தில் அகன்றிருக்குமாறு செய்யப்பட்டவை. மனிதன் பின்னே சாயுங்கால் அவனது மேலுடலின் எடை முழுவதும் அவ்விடத்தையே சார்கின்றது. பாரம் எங்கேயோ, வலிமையும் அங்கே. கண்ணுக்கு அழகாய்த் தோன்றும் அவ்வகற்சி அழகு கருதி வைத்ததன்று. இரண்டாம் உலகப்போரில் உலோகம் கிடைத்தற்கு அரிதாகவே, 1941-இல் அந்நாற்காலியை முழுதும் மரத்தாலேயே செய்தார்.

இவையெல்லாம் யாருக்காகச் செய்யப்பட்டன என்று அறிந்தபோதுதான், விடுதி மாணவனாகிய எனக்கு இப்பொருளில் உரிமையோடு கூடிய ஆர்வம் பிறந்தது. 1930-ஐ ஒட்டி நான்சி நகரத்து மாணவர் விடுதிக்கென அவர் எஃகுச் சட்டமும் தோல்வார்க் கைகளும் உடைய சாய்வு நாற்காலியை அமைத்தார். பின்னர், 1950-களில், பாரிஸ் அருகே அந்தொனியில் எழுந்த மாணவர் விடுதிக்கும் தளவாடங்கள் செய்தார். எம்போன்றோர் அமரவும், எழுதவும், உறங்கவுமே அவை பிறந்தன.

காலம் சென்றது. புரூவே 1984-இல் மறைந்தார். அவர் செய்தவற்றுட் பல பழம்பொருளாய்க் கழிக்கப்பட்டன. எங்கள் விடுதியிலும் சென்ற ஆண்டு துருவேறிய மடக்கு நாற்காலிகளை எடை போட்டுக் காயலான் கடைக்காரரிடம் கொடுத்தார்கள். நானும் இரண்டு தூக்கிச் சென்றேன். ஆனால் பிரெஞ்சு நாட்டில் வணிகர் சிலர் விழித்துக்கொண்டு, புரூவேயின் பொருள்களைத் தேடித் தொகுத்தனர். இன்று அவை ஏலக்கூடங்களிற் செல்வர்க்கே எட்டும் விலைக்குப் போகின்றன.

செல்வர்க்கென்றே பிறந்த உலோக ஆசனங்களும் உள. ஆஸ்திரேலியராகிய மார்க் நியூசன் 1980-களில் அலுமினியத் தகடுகளைத் தரையாணியால் இணைத்துச் செய்த 'லாக்ஹீட் லவுஞ்ச்' என்னும் சாய்வு மஞ்சம் அத்தகையது. விற்பனைக்கென வகுத்த தொகை பத்தே. அவற்றுள் ஒன்று 2015-இல் லண்டன் ஏலத்தில் இருபத்துநான்கு லட்சம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று. அதன்பால் எனக்கு வருத்தமில்லை. அது சிற்பம், தன் குலத்தாரிடமே சென்றது. மாணவன் நாற்காலி காட்சிப்பொருளாய்க் கயிற்றுக்கு அப்பால் நிற்பதே நெஞ்சை உறுத்துகின்றது.

தொகுப்போரைப் பழிக்கவும் மனம் ஒப்பவில்லை. தமிழ் பயிலும் நாங்கள் அங்ஙனம் பழித்தல் தகுமா? உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் சென்று ஏடு தேடியிராவிடின், அவர் 1894-இல் வெளியிட்ட புறநானூறு எங்கள் கைக்கு எவ்வாறு வந்திருக்கும்? எனினும் ஐயர் தேடியது அச்சிட்டுப் பலர்க்கும் வழங்குதற்கு. நாற்காலிக்கும் அச்சுப் பதிப்புப்போல ஒன்று உண்டு: விட்ரா என்னும் நிறுவனம் 2002 முதல் புரூவேயின் நாற்காலிகளை மீண்டும் செய்து விற்கின்றது. வடிவம் பிழைத்தது, விலைதான் மாணவனுக்கு எட்டுவதாய் இல்லை.

இன்னொன்று. பழைய நாற்காலிக்குப் புதுவண்ணம் பூசினால் அதன் மதிப்புக் குறையுமாம். முதற் பூச்சும் அதன் தேய்வும் அப்படியே இருத்தல் வேண்டும் என்பர். அத்தேய்வு சில மாணாக்கருடைய குதிகாலும் முழங்கையும் பல ஆண்டு உராய்ந்து உண்டாக்கியது. விலை அதனாலும் ஏறுகின்றது. உராய்ந்தவர் யார் என்பதை ஏலப்பட்டியலிற் காணோம்.