முதலில் தொட்டி, பிறகு வாவி

தாமே செய்த வானொலிப் படகைக் கண்டி வாவியில் ஓட்டிவிட எம் மாணாக்கர் சிலர் துடிக்கின்றனர். 1898ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் தெஸ்லா கம்பியின்றிப் படகோட்டிக் காட்டிய செய்தியை வகுப்பிற் சொன்னவர் நாமே, இனித் தடுப்பதெப்படி?

வாவி பிறகாகட்டும், முதலில் வீட்டுத் தொட்டியே போதும். பல்சாப் பலகை நீரை உறிஞ்சும். உள்ளும் புறமும் வார்னிஷ் பூசுக. விசிறித் தண்டின் குழாயிற் கிறீஸ் இடாவிடில் அவ்வழியே நீர் ஏறும். இக்காலத்து 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை நீர் விழுங்கிவிடும். ஏரியல் கம்பி நீர்மட்டத்துக்கு மேலே நிற்கட்டும். பற்றறியை முன்பின் நகர்த்திப் படகைச் சமன்செய்க.

காற்று நம் கரைநோக்கி வீசும் வேளையே ஓட்டத்துக்கு ஏற்றது. ஒரு தாயார் மகனுக்கு இட்ட நிபந்தனை இது: படகு நடுவில் நின்றால் காற்றே கொண்டுவரட்டும், நீ நீரில் இறங்கலாகாது. மற்றையோருக்கும் அதையே விதித்துள்ளோம்.